காரில் ஒரு குறையும் இல்லை

காரணக்காரர் என்று ஓர் இனம் உண்டு. காரியக்காரரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அவர் வேலையை முடித்துவிட்டுச் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போய்விடுவார். காரணக்காரர் மேடைக்கு வருவதே வேலை கெட்ட பிறகுதான். உலகமெங்கும் பரவிக் கிடக்கும் இனம் இது என்றாலும், கூட்டம் கூட்டமாக, சாம்பல் நிறக் கோட்டும் நீளமான காருமாக, கொழுத்துச் செழித்து வாழ்ந்த இடம் எங்கள் டெட்ராய்ட் பக்கம்தான். காலம், ஜப்பான்காரனுடைய சின்னச் சின்ன வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்த எண்பதுகளின் தொடக்கம்.

அடையாளம் காண்பது சுலபம். "இந்த வருஷம் விற்பனை ஏன் படுத்துவிட்டது?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். பெட்ரோல் விலை ஏறிவிட்டது, ஜனங்கள் சின்ன வண்டியாகத் தேடுகிறார்கள் என்பார். இப்போது இறங்கிவிட்டதே என்றால், அதனால்தான் இருக்கிற பழைய வண்டியையே ஓட்டிக் காலம் தள்ளுகிறார்கள் என்பார். ஜப்பான் நாணயமான யென்னின் மதிப்பு, வாஷிங்டனின் சட்டம், வங்கி வட்டி, தொழிற்சங்கம், பனி அதிகம், பனி போதாது, வேண்டுமென்றே இகழ்ந்து எழுதும் பத்திரிகைக்காரர்கள், கலிபோர்னியாவில் படித்துக் கெட்டுப்போன இளவட்டங்கள் என்று அவர் அடுக்கிக்கொண்டே போகப் போக உங்களுக்கே கண் கலங்கிவிடும். ஒரு கம்பெனியை இத்தனை பேர் சேர்ந்தா கொடுமைப்படுத்துவது? ஆனால் அந்த நீண்ட பட்டியலில் ஒரே ஒரு பொருள் மட்டும் தலைகாட்டாது.

கார்.

லெனர்ட் குபாக்கி இந்த இனத்தில் முதல் தரம். பார்ன்வெல் மோட்டார் கம்பெனியில் விற்பனைப் பிரிவுத் துணைத்தலைவர். தாத்தா போலந்திலிருந்து வந்து இரும்பு வார்க்கும் உலையடியில் வெந்தவர். அப்பா பார்ன்வெல் தொழிற்சாலையில் வாழ்நாள் முழுக்கக் காருக்குக் கதவு மாட்டியவர். குடும்பத்தில் முதன்முதலாக டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவர் இவர்தான். கெட்டவரா? கிடையாது. பொய்யரா? அதுவும் இல்லை. சொன்னதையெல்லாம் மனப்பூர்வமாக நம்பிச் சொன்னார். அதுதான் சங்கடமே.

நம்பாமல் என்ன செய்வார்? கம்பெனி அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு புதுக் கார் கொடுத்தது. தலைமை அலுவலகத்தின் அடித்தளத்தில் பெரிய அதிகாரிகளுக்கென்று தனி ஒர்க்‌ஷாப். காலையில் வண்டியை அங்கே விட்டுவிட்டு லிஃப்டில் ஏறினால், மாலையில் இறங்கும்போது கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, குளிர்காலமானால் உள்ளே கதகதவென்று சூடாக்கி வைத்திருப்பார்கள். நேற்று கீச்சென்ற கதவு இன்று கீச்சென்னாது. இறங்க மறுத்த கண்ணாடி வெண்ணெய் போல வழுக்கி இறங்கும். அவர் வாயைத் திறந்து கேட்கக்கூட வேண்டியதில்லை. நீலச் சட்டைக்காரர்கள் பகலெல்லாம் அதன் அடியில் படுத்து, தட்டி, திருகி, எண்ணெய் விட்டு, அழுகிற குழந்தையைத் தாலாட்டித் தூங்கவைத்து அப்பன் கையில் கொடுப்பது போலக் கொடுத்தார்கள். இருபது வருஷத்துக்கு மேல் இப்படி. பெட்ரோல் மூடி வண்டிக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. அப்படிப்பட்டவரிடம் எவரோ ஒருவர் "உங்கள் கார் நடுவழியில் நின்றுவிட்டது" என்று புகார் சொன்னால் அவருக்கு என்ன தோன்றும்? பாவம், ஓட்டத் தெரியவில்லை என்றுதானே?

அதையே நாசூக்காக வடித்து, நாடு முழுவதுமுள்ள பார்ன்வெல் ஷோரூம்காரர்களை ஃப்ளாரிடாவில் ஒரு நல்ல ஓட்டலில் கூட்டி வைத்து, புகாரோடு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று பாடமும் நடத்தினார். பலத்த கைதட்டல்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டுக்குள்ளேயே குண்டு விழுந்தது.

லெனர்டுக்கு ஒரே மகள், மார்சியா. வடக்கே, நாலு மணி நேரப் பயணத்தில், டிராவர்ஸ் சிட்டியில் பிரசவ நர்ஸ். பண்ணை வீடுகளுக்கெல்லாம் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பிரசவம் பார்ப்பது அவள் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, அம்மா லொரெய்ன் முட்டைக்கோஸ் இலையில் கறியைச் சுருட்டி வேகவைத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது மகள் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, கையில இருக்கற முள்கரண்டிய வச்சுட்டுக் கேளுங்க. நான் ஜப்பான் கார் வாங்கப் போறேன்."

முள்கரண்டியை அவர் வைக்கவில்லை. அதுவாக விழுந்தது.

"நம்ம தெருவுலயா?"

"நான் எங்கப்பா உங்க தெருவுல இருக்கேன்?"

"உன் தாத்தா இந்தக் கம்பெனிக்குக் கதவு மாட்டினவரு. ஞாபகம் இருக்கா?"

"தாத்தா மாட்டின கதவு இன்னிக்கும் நல்லாத்தான் மூடுது. இப்ப மாட்டுறதப் பத்தி என்னோட வேலை பாக்கற பாவ்லெட்டக் கேளுங்க. முன்னால உங்க கம்பெனி வண்டிதான் வச்சிருந்தா. ஒரு கையில ஸ்டியரிங், இன்னொரு கையில கதவு. அப்படித்தான் ஓட்டுவா."

லொரெய்ன் சிரித்துவிட்டு, அவசரமாக அதை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"அதெல்லாம் பழைய கதை. இப்ப ஓரியோல் வந்தாச்சு," என்றார் லெனர்ட். ஓரியோல் என்பது ஜப்பான்காரனுக்குப் பதிலடியாக பார்ன்வெல் செய்த சின்னக் கார். பேர் வைத்ததே அவர்தான். "நானே உனக்கு ஒண்ணு வாங்கித் தரேன். எங்க ஒர்க்‌ஷாப்ல இருந்து இல்ல. கடைத்தெருவுல, எல்லா ஜனங்களும் வாங்கற மாதிரி, முன்னால நிக்கற வண்டிய எடுக்கறேன். நானே ஓட்டிக் கொண்டுவந்து உன் வீட்டு வாசல்ல விடறேன். அப்புறம் சொல்லு."

அவரை யாரும் தூண்டவில்லை. தன் வாயாலேயே சொன்னார்.

நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. செர்ரிப்பழச் சிவப்பில் ஒரு புத்தம்புது ஓரியோல். பக்கத்தில் லொரெய்ன், மடியில் மகளுக்குச் சுட்ட கேக். ஊர் எல்லையைத் தாண்டும் முன்பே லொரெய்னுக்கு எதிரே இருந்த சாமான் பெட்டியின் மூடி கழன்று கேக்கின் மேல் விழுந்தது.

"புதுசு இல்லையா," என்றார் லெனர்ட்.

சாகினா ஊரைத் தாண்டியதும் ஜன்னலோரமாக விசில் சத்தம் கேட்டது. லொரெய்ன் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டாள்.

"அது காத்து," என்றார்.

"காத்துன்னு எனக்கும் தெரியும் லென். வெளிய இருக்க வேண்டிய காத்து."

மழை பிடித்தது. கண்ணாடித் துடைப்பான் இரண்டில் ஒன்று மட்டும் வேலை செய்தது, அதுவும் லொரெய்ன் பக்கத்தது. அவள் வழி சொல்லச் சொல்ல அவர் ஓட்டினார். கிளேர் என்ற சிறிய ஊரை நெருங்கும்போது ஓரியோல் ஒரு தடவை விக்கியது. இன்னொரு தடவை விக்கியது. பிறகு பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம் போட்டுச் சாலையோரப் புல்லில் ஏறி நின்றுவிட்டது. லெனர்ட் இறங்கி, எல்லா ஆண்களும் செய்வதைப் போலப் பானெட்டைத் திறக்கப் போனார். எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. மழையில் நனைந்தபடி காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசியில் இழுவை வண்டி ஒன்று வந்து அவர்களைக் கிளேர் ஊரின் பார்ன்வெல் ஷோரூமுக்கு இழுத்துப் போனது. ரிப்பேர் கவுண்டரில் பெரிய மீசை வைத்த ஒருவர் நின்றிருந்தார். சட்டைப் பையின் மேல் கெரிட் என்று பெயர் தைத்திருந்தது. பெஞ்சில் ஒரு கம்பளிக் குல்லாய் அம்மாள் காத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி நின்னுபோச்சு," என்றார் லெனர்ட். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது.

கெரிட் தலைநிமிராமல், பூசை மந்திரம் ஒப்பிக்கிற குரலில் சொன்னார்: "புதுசு இல்லையா சார். வண்டி உங்களப் பழகணும், நீங்க வண்டியப் பழகணும்."

லெனர்டுக்குச் சுரீரென்றது. எங்கோ கேட்ட வாக்கியம். எங்கே? ஃப்ளாரிடாவில். தன் வாயிலிருந்து.

"இன்னிக்குக் காலையிலதாங்க எடுத்தேன்!"

"எப்படி ஓட்டினீங்க?"

"எப்படின்னா? ரோட்டு மேல!"

"கோவப்படாதீங்க. பெரிய வண்டி ஓட்டிப் பழகின கால். சின்ன வண்டியப் போட்டு மிதிச்சிருப்பீங்க."

"நான் ஒண்ணும் மிதிக்கல."

"நாங்க எவ்வளவோ வித்திருக்கோம் சார். இந்த மாதிரி ஒருத்தரும் வந்து சொன்னதில்ல."

"நான் சொன்னேனே!" என்று பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "போன வாரமும் சொன்னேன். அதுக்கு முந்தின வாரமும் சொன்னேன்."

"அம்மா, உங்களது வேற கேஸு."

"என்ன வேற? என்னோடது பச்சைக் கலரு. அதுதான வேற?"

லொரெய்ன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவதை லெனர்ட் பார்த்தார். முகம் செர்ரிச் சிவப்பாயிற்று.

"நான் யாரு தெரியுமா?" என்று தொடங்கினார். தொடங்கியவர் பெஞ்சைப் பார்த்தார். சொன்னால் அந்தக் குல்லாய் அம்மாளுக்கும் அல்லவா பதில் சொல்ல வேண்டும்? "நான்... ஒரு வாடிக்கையாளர்."

"அது தெரியுது சார், பாத்தாலே," என்றார் கெரிட்.

அந்தக் கோலத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். கவுண்டர் மேல் குனிந்து குரலைத் தணித்தார். "உள்ளதச் சொல்லட்டுமா? பெட்ரோல் பம்பு. எல்லா ஓரியோலுக்கும் இதே சீக்குதான். கம்பெனிக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. அங்க எவனோ ஒருத்தன் உக்காந்துக்கிட்டு, இப்படிப் பேசு, அப்படிப் பேசுன்னு எங்களுக்குப் பாடம் எடுத்து அனுப்பியிருக்கான். அவன ஒரு நாள் இங்க கொண்டாந்து நிக்க வைக்கணும் சார். நனைய நனைய."

"நின்னாச்சு," என்றாள் லொரெய்ன்.

நல்லவேளை, கெரிட்டுக்குப் புரியவில்லை.

புதுப் பம்பு செவ்வாய்க்கிழமைதான் வரும் என்றார்கள். தொலைபேசியில் சொன்னதும் மார்சியா, பாவ்லெட் புதிதாக வாங்கியிருந்த காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். என்ன கார் என்று நான் சொல்ல வேண்டுமா? லெனர்ட் பின்சீட்டில் உட்கார்ந்தார். வழி முழுக்க வாய் பேசவில்லை. ஆனால் கை சும்மா இருக்கவில்லை. ஜன்னல் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. சீட்டின் தையலை இழுத்துப் பார்த்தது. கம்பளத்தின் மூலையைத் தூக்கிப் பார்த்தது. டிராவர்ஸ் சிட்டி விளக்குகள் தெரிந்தபோதுதான் அவருக்கு ஒரு குறை அகப்பட்டது.

"சிகரெட் சாம்பல் தட்டற டப்பா ரொம்பச் சின்னது," என்றார்.

"நீ சிகரெட்டே பிடிக்கிறதில்லையே லென்," என்றாள் லொரெய்ன்.

வீட்டில், அடுப்படி மேஜையில், நசுங்கிய கேக்கைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டார்கள். மார்சியா சிரிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, போன ஜனவரியில லீலனாவ் பக்கத்துல ஒரு பண்ணை வீடு. முதல் பிரசவம். என் பழைய வண்டி பாதி வழியில நின்னுபோச்சு. பனியில நடந்தேன். நான் போய்ச் சேரும்போது அந்தப் புருஷன் தனியாப் புள்ளையக் கையில ஏந்திக்கிட்டு நிக்கறான். நடுங்கறான். புள்ள நீலம் பாரிச்சுக் கிடந்துச்சு. எப்படியோ பொழச்சுது. கொஞ்ச நேரம் தாமதமாகியிருந்தா..." அவள் கரண்டியை வைத்தாள். "பிரசவ வலிக்கு யென் மதிப்பெல்லாம் தெரியாதுப்பா."

லெனர்ட் தன் பட்டியலைத் துழாவினார். காரணம் எதுவும் வரவில்லை என்பதே அவர் வாழ்க்கையில் புது அனுபவம்.

"நான் ஜப்பான் கார் வாங்கல," என்றாள் மகள். "இந்த ஓரியோலையே வச்சுக்கறேன். ஆனா ஒண்ணு. திங்கக்கிழமை உங்க மீட்டிங் இருக்குல்ல, அங்க இன்னிக்கு நடந்ததச் சொல்லணும். அவ்வளவுதான். கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். நின்னுபோச்சுன்னு சொல்லணும்."

"சொல்றேன்," என்றார் லெனர்ட். அவர் கண் நனைந்திருந்தது. அந்த நிமிஷத்தில் அவர் சொன்னது சத்தியம்.

திங்கட்கிழமைக் கூட்டம் சாதாரணக் கூட்டமல்ல. ஓரியோல் விற்கவில்லை. அதைச் செய்துகொண்டிருந்தது லெனர்டின் அப்பா கதவு மாட்டிய அதே பழைய தொழிற்சாலை. கொஞ்ச காலம் உற்பத்தியை நிறுத்தி, வண்டியைத் திருத்தி, மறுபடி தொடங்குவதா, இல்லை மொத்தமாக இழுத்து மூடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். தேக்கு மேஜையைச் சுற்றி அத்தனை பெரிய அதிகாரிகள். பெட்ரோல் குழாயைக் கையால் தொட்டவர் ஒருவரும் அங்கே இல்லை.

கம்பெனித் தலைவர் டன்ஃபோர்ட் தொண்டையைச் செருமினார். "வண்டியில என்ன தப்புன்னு யாராவது சொல்லுங்கப்பா. எனக்கு ஒண்ணும் தெரியல. நான் தினம் ஓரியோல்லதான் வரேன். பட்டு மாதிரி போகுது."

"யென் சார்," என்றார் ஒருவர். "வட்டி," என்றார் மற்றொருவர். "விளம்பரத்துல வர்ற பொண்ணு சரியில்ல," என்றார் மூன்றாமவர்.

லெனர்ட் எழுந்தார். "நான் சனிக்கிழமை ஓரியோல எடுத்துக்கிட்டு வடக்க போனேன்."

"நம்ம ஒர்க்‌ஷாப் வண்டியா லென்?"

"இல்ல. கடையில வாங்கினது."

சபையில் யாரோ சட்டையைக் கழற்றிவிட்டது போல ஒரு நிசப்தம். நிதிப்பிரிவுக்காரர் தன் பேனாவை உற்றுப் பார்த்தார். பொறியியல் பிரிவுத் தலைவர் மட்டும் வெளிறிப்போய் லெனர்டையே பார்த்தார். பம்பு விஷயம் அவருக்குத் தெரியும் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிறாரா, சொல்லிவிடாதே என்று கெஞ்சுகிறாரா என்பதுதான் தெரியவில்லை.

"போனே, சரி," என்றார் டன்ஃபோர்ட். "அப்புறம்?"

அப்புறம் என்ன? நின்றுவிட்டது. ஒரே வார்த்தை. லெனர்ட் வாயைத் திறந்தார். நின்றுவிட்டது என்றால், ஏன் என்பார்கள். பம்பு என்றால், இத்தனை நாள் புகார் வரவில்லையா என்பார்கள். வந்தது என்றால், அவற்றை என்ன செய்தாய் என்பார்கள். அந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கிப் போய்ப் பார்த்தார். கடைசிப் படியில் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு அவரே நின்றிருந்தார்.

"வடக்க... ரோடு ரொம்ப மோசம் சார்," என்றார்.

அடடா, அந்த அறையில் எழுந்த பெருமூச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! ரோடு! இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லையே! டன்ஃபோர்ட் மேஜையைத் தட்டினார். சாலைகளின் நிலைமையைப் பற்றி மாநில அரசிடம் முறையிட அப்போதே ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் லெனர்ட் குபாக்கி. பொறியியல் பிரிவுத் தலைவர்தான் முதலில் கைகுலுக்கினார்.

அன்று மாலை தொலைபேசி மணி அடித்தது.

"சொன்னீங்களாப்பா?"

"சொன்னேனே. வடக்க வந்ததச் சொன்னேன்."

"நின்னுபோனத?"

"அது வந்து மார்சி... ரோடப் பத்தி ஒரு பெரிய..."

அவர் முடிக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை. "சரிப்பா. சாப்பிட்டுட்டுத் தூங்குங்க," என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

அந்த வாரமே அவள் ஜப்பான் கார் வாங்கினாள். கிறிஸ்துமஸுக்கு அதிலேயே வந்து, அப்பாவின் வீட்டு வாசலில், தெரு முழுக்கப் பார்க்க நிறுத்தினாள். மறுநாள் காலை பனி தள்ளப் போன லெனர்ட் வெகுநேரம் உள்ளே வரவில்லை. லொரெய்ன் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மண்வாரியைப் பனியில் நட்டுவிட்டு, மனுஷர் மகளுடைய காரின் கதவைத் திறந்து மூடினார். காதைச் சாய்த்துக் கேட்டார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார். அவருடைய அப்பாவும் வேலை செய்த காலத்தில் அப்படித்தான் காதைச் சாய்த்துக் கேட்பார்.

"என்ன பண்றே அங்க?" என்று கத்தினாள்.

"பூட்டியிருக்கான்னு பாத்தேன்!"

வசந்தத்தில் தொழிற்சாலையை மூடினார்கள். ரோடு சரியில்லாததால். வேலை போனவர்களில் பாதிப் பேர் குபாக்கி குடும்பம் போகும் அதே தேவாலயத்துக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் லெனர்ட் உட்கார்ந்த வரிசையில் அவரையும் லொரெய்னையும் தவிர ஒருவரும் உட்காரவில்லை. முன்வரிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

"இப்பல்லாம் ஜனங்களுக்குப் பக்தி குறைஞ்சுபோச்சு," என்றார் லெனர்ட், வீட்டுக்குத் திரும்பும்போது. லொரெய்ன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வண்டிய நிறுத்து லென்," என்றாள். இறங்கி, மிச்ச தூரத்தை நடந்தே போனாள். அவர் அவள் பக்கத்திலேயே மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டி அருமையாக ஓடியது. கம்பெனி ஒர்க்‌ஷாப் வண்டி அல்லவா?

இப்போது நீங்கள், நாம் என்ன காரா செய்கிறோம், நமக்கும் இதற்கும் என்ன என்று எழுந்திருக்கப் பார்க்கிறீர்கள். தாராளமாக எழுந்திருங்கள். போகிற போக்கில் ஒரே ஒரு சின்ன விஷயம். உங்கள் தெருமுனையில் புதிதாகக் கடை போட்டவனிடம் கூட்டம் அலைமோதுகிறது, உங்கள் கடையில் ஈ ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடை இல்லையா? சரி, உங்களோடு வேலைக்குச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு வந்தது, உங்களுக்கு வரவில்லை. அதுவும் இல்லையா? பக்கத்து வீட்டுப் பிள்ளை தேறிவிட்டது, உங்கள் வீட்டுப் பிள்ளை தேறவில்லை. ஏனுங்க அப்படி ஆயிற்று?

"அது வந்து..." என்று ஆரம்பிக்கிறீர்களா?

போதும். வாய்க்குச் சிரமம் கொடுக்காதீர்கள்.